சுடலைக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்

காலையில் ஒரு வகுப்பே சேர்ந்து சுடலையின் விலாவை உடைத்தது. மத்தியானம் அடுத்த வகுப்பு வந்து சுவிட்சைப் போட்டபோது, அவன் புத்தம் புதிதாக நாற்காலியில் உட்கார்ந்து, “வணக்கம் சார். நான் எந்தத் தவறும் செய்யவில்லை” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

சுடலை மனிதன் அல்ல. திருநெல்வேலி காவலர் பயிற்சி மையத்தின் கடைக்கோடி அறையில், பெரிய திரையில் தெரியும் ஒரு கேம் பாத்திரம். விசாரணைக்கு வந்தவனை அடிக்காமல் உண்மையை வரவழைப்பது எப்படி என்று புது எஸ்.ஐ.க்களுக்குக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் அந்த கேமை வாங்கியிருந்தது. அடித்தால் மார்க் குறையும், தன்மையாகக் கேட்டால் ஏறும். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆவுடையப்பன் முதல் நாளே மார்க் தெரியும் மூலையில் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டார். லத்தி மாதிரி ஒரு கைக்கருவியும் கூட வந்திருந்தது. அதை வீசினால் திரையில் அடி விழும். “அடிக்கக் கூடாதுன்னா எதுக்குவே கம்பு குடுத்திருக்கான்?” என்று கேட்டார்.

கம்பெனிக்காரர்கள் அந்தப் பாத்திரத்துக்கு வைத்த பேர் விஷால். “விஷால்னு பேரு உள்ளவன எவம்லே ஸ்டேஷன்ல வச்சு அடிச்சிருக்கான்?” என்று கேட்டு அவர்தான் சுடலை என்று மாற்றினார். வகுப்பு சிரித்தது. அதில் ஒருவனுடைய அப்பா பேரே சுடலைதான். அவனும் சிரித்தான்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. அவள் கோவில்பட்டிக்காரி, வகுப்பில் ஒரே பெண். பெண் என்பதாலேயே அவளுக்குத் தண்ணீர் வேலை கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அடித்து ஓய்ந்ததும் அவள் பச்சைப் பொத்தானை அழுத்துவாள். திரையில் ஒரு கை டம்ளரை நீட்டும். சுடலை குடிப்பான். “இப்ப சொல்லுப்பா” என்று அவள் கேட்க வேண்டும். அடிக்கிற கை ஒன்று, அணைக்கிற கை ஒன்று என்பது அந்தத் தொழிலில் பழைய ஏற்பாடு. நல்லவளாக நடிக்கத்தானே சொல்கிறார்கள் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆவுடையப்பனுக்குப் பயிற்சி மையம் என்பது தண்டனை. லாக்கப்பில் ஒருவன் செத்துப்போனதால் அவரைத் தூக்கி இங்கே போட்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஒரே ஆசையில் அவர் பகலெல்லாம் வெந்துகொண்டிருந்தார். அந்த வேக்காட்டை சுடலையின் மேல்தான் இறக்கினார். அவனோ ஒவ்வொரு தடவையும் எழுந்து வணக்கம் சொன்னான்.

கேம் மெஷின் ரிப்பேர் பண்ணும் செல்வினை வரவழைத்தார்கள். வண்ணார்பேட்டையில் கடை, ஒல்லியான ஆள், பேசும்போது எதையாவது திருகிக்கொண்டே இருப்பான்.

“ஐயா, இது பழைய மாடல். ஹார்ட் டிஸ்க் கெடையாது” என்றான் பெட்டியைத் திருப்பிப் பார்த்து. “கேம் ஓடுத வரைக்கும் அவன் கத்துக்கிடுதான். எங்க அடி விழும், எதுக்கு விழும், எல்லாம். சுவிட்ச அணைச்சா அம்புட்டும் போயிரும். எழுதி வைக்க எடமில்லலா.”

“புது மாடல் வாங்குனா?”

“அதுக்கு நெட்டு வேணும். இந்த ரூம்ல நடக்கது பூரா கம்பெனிக்குப் போவும்.”

“அது வேண்டாம்” என்றார் ஆவுடையப்பன் அவசரமாக.

“அப்ப இதுலயே டிஸ்க் மாட்டிருவோம். பின்னாடி பொந்து இருக்கு பாருங்க, செஞ்சவனே எடம் விட்டு வச்சிருக்கான். மாட்டிட்டா நேத்து நடந்தது இன்னைக்கு ஞாபகம் இருக்கும். மைக்கும் இருக்கதால காதுல விழுததையும் புடிச்சுக்கிடும்.”

“அதாம்லே வேணும்.” இன்ஸ்பெக்டரின் முகம் அன்றுதான் மலர்ந்தது. “வலில என்ன இருக்கு? மரத்துப் போவும். நாளைக்கும் விழும்னு அவனுக்குத் தெரியணும். அந்தத் தெரியுததுலதான் எல்லாம் இருக்கு. நான் இவங்களுக்கு எத்தன நாளு கத்துனாலும் அது மண்டைல ஏறாது. கண்ணால பாக்கணும்.”

செல்வின் டிஸ்க்கை மாட்டினான். ஒரு சின்ன புரோகிராமும் எழுதிச் சேர்த்தான். வேலை சுத்தமாக முடிந்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான்.

முதல் நாள் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சுடலை சிரிக்கவில்லை. “வணக்கம் சா—” என்று ஆரம்பித்தவன் லத்தி தரையில் தட்டும் சத்தம் கேட்டதும் பாதியில் நிறுத்தினான். அதற்கடுத்த நாட்களில் அடி விழுவதற்கு முன்பே கை தலைக்குப் போனது. இடது பக்கம் அடிக்கிறவன், முட்டியில் அடிக்கிறவன், பேசிக்கொண்டே அடிக்கிறவன் என்று ஒவ்வொருவரையும் குரலை வைத்தே தெரிந்துகொண்டான். பேச்சும் மாறியது. கம்பெனி கொடுத்த புத்தகத் தமிழ் கழன்று விழுந்து, “ஐயா, அடிக்காதீய, சொல்லிருதேன்” என்று திருநெல்வேலித் தமிழ் வந்தது. வேறு எந்தத் தமிழும் அவன் காதில் விழவில்லையே.

சுவிட்சைப் போட்டதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, “அம்மா இருக்கீயளா?” என்பதாக ஆனது.

“ஒம் பிள்ள தேடுதும்மா” என்று வகுப்பு கேலி செய்யும். செண்பகவல்லி டம்ளரை நீட்டுவாள். அவன் குடித்து முடிக்கும் வரைதான் அடிக்க மாட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டதால், சொட்டுச் சொட்டாகக் குடிப்பான். அவளும் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நிற்பாள். பொம்மைக்கு இரங்குகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பெட்டியின் விசிறி சத்தம் போடுகிறதென்று செல்வினை மறுபடி கூப்பிட்டார்கள். துணைக்கு நிற்கும் வேலை செண்பகவல்லிக்கு. அவன் தூசி தட்டி மாட்டி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டான். திரையில் நாற்காலி மட்டும் தெரிந்தது. சுடலை மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தான்.

“நாந்தான் ஐயா. நாந்தான் செஞ்சேன்.”

“எத செஞ்சே?” செல்வின் திகைத்துப்போனான்.

“நீங்க சொல்லுதத ஐயா.”

செல்வின் பக்கத்திலிருந்த லத்திக் கருவியைக் காலால் தள்ளிவிட்டான். “ஏ, பயப்படாத. நான் போலீஸ் இல்ல. எம் பேரு செல்வின். வண்ணார்பேட்டைல கடை வச்சிருக்கேன்.”

எங்கள் பக்கத்து ஆட்கள் பேரும் இடமும் சொல்லாமல் புது ஆளிடம் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள். அது மரியாதை. அந்த அறையிலோ வேறு மரியாதை. அங்கே எல்லா ஆணும் ஐயா, எல்லாப் பெண்ணும் அம்மா. இத்தனை நாளில் ஒரு மனிதருடைய பேர்கூட அங்கே உரக்கச் சொல்லப்பட்டதில்லை. சுடலை அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

“செல்வின் அண்ணன். வண்ணார்பேட்டைல கடை.” பிறகு கேட்டான், “நாளைக்கும் வருவீயளா அண்ணே?”

செல்வின் திருப்புளியைக் கீழே வைத்தான். “மேடம், இதுக்கு நாளைக்குன்னா என்னன்னு தெரிஞ்சுபோச்சு. வேண்டாம் மேடம், கழட்டிருவோம்.”

அதை அவன் ஆவுடையப்பனிடமும் போய்ச் சொன்னான். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, அவன் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். செல்வின் சுவரில் மோதிக் கீழே உட்கார்ந்தான். காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கியது.

“கேம்ம அடிச்சா ஒனக்கு வலிக்குதாலே? இப்ப எது வலிக்கி?”

செல்வின் எழுந்து கருவிப் பையை எடுத்துக்கொண்டு போனான். டிஸ்க் பொந்திலேயே இருந்தது.

அந்த மாதம் ஊரில் ஒரே பேச்சாக இருந்தது ரைஸ்மில் கொலை. மில் முதலாளியை அவருடைய நெல் கிட்டங்கியிலேயே கம்பியால் மண்டையைப் பிளந்து, கை வாட்ச்சைக் கழற்றிக்கொண்டு, மேலே சாக்கை அடுக்கி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஆள் சிக்கவில்லை. மேலேயிருந்து தினமும் திட்டு விழுந்தது. பிடித்துக் கொடுக்கிறவனுக்குக் கேட்ட ஸ்டேஷன் கிடைக்கும் என்று பேச்சு. ஆவுடையப்பன் பழைய சிநேகிதர்களிடம் விவரம் கேட்டு, அந்தக் கேஸையே வகுப்புக்குப் பாடமாக வைத்தார்.

“கம்பிய எங்கலே போட்ட? கெணத்துலயா?” அடி. “சாக்க எதுக்குலே அடுக்குன? நாத்தம் வெளிய வராம இருக்கவா?” அடி. “வாட்ச்ச கழட்டுனியா இல்லியா?” அடி.

சுடலைக்கு இரண்டே நாள் போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் சுவிட்சைப் போட்டதுமே கடகடவென்று ஒப்பித்தான். “நாந்தான் ஐயா கொன்னேன். கம்பிய கெணத்துல போட்டேன். நாத்தம் வரக் கூடாதுன்னு சாக்க அடுக்குனேன். வாட்ச்ச நாந்தான் கழட்டுனேன்.”

வகுப்பு கை தட்டியது. எல்லாம் தாங்கள் ஊட்டிய சோறு என்பது ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. ஆவுடையப்பன் லத்திக் கருவியைத் தானே வாங்கிக்கொண்டார். எந்த ஸ்டேஷனிலும் எந்த வாக்குமூலமும் இந்தக் கேள்வி இல்லாமல் முடிந்ததில்லை.

“கூட யாருலே?”

சுடலை விழித்தான். அதற்குப் பதில் யாரும் ஊட்டியிருக்கவில்லை. அவர் அவனுடைய வலது கையை நாற்காலிக் கையில் வைத்து விரல் விரலாக அடித்தார். திரையில் எலும்பு முறியும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. செண்பகவல்லி பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

“பேரு சொல்லுலே. ஒரு பேரு.”

அவனுக்குத் தெரிந்தது ஒரே பேர்தான். இந்த உலகத்தில் அவனை அடிக்காதவனின் பேர்.

“செல்வின் அண்ணன்” என்றான் சுடலை. “வண்ணார்பேட்டைல கடை.”

யாரோ ஒருவன் சிரித்தான். ஆவுடையப்பனும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் இருபது வருஷமாக, ஒரு பேர் காதில் விழுந்தால் கை தானாக ஜீப் சாவிக்குப் போகும். இப்போதும் போனது.

“ஐயா, அது கேம்” என்றாள் செண்பகவல்லி.

“கேம்தாம்மா. பேரு நிஜம்லா?”

“அவரு இவன்ட்ட பேரு சொன்னாரு ஐயா. நான் பக்கத்துல நின்னேன். அதத்தான் இவன் சொல்லுதான்.”

“அந்த மில்லுல கேமரா மாட்டுனது யாருன்னு தெரியுமா ஒனக்கு?” அவர் குரல் தணிந்திருந்தது. “அவன்தான். ஃபைல்ல பாத்தேன். அப்ப தோணல. இப்ப தோணுது. சும்மா வெசாரிப்போம். இல்லன்னா விட்டுருவோம்.”

வண்ணார்பேட்டையில் யார்தான் கேமரா மாட்டவில்லை? அதைச் சொல்வதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

செல்வினை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்டேஷனில் கேமரா உண்டு. கோடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே மைதானத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் பழகிக்கொண்டிருந்த மத்தியான நேரம். ஆவுடையப்பன் கேமையும் போடச் சொன்னார். அந்த அறையில் அலறல் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாராவது விசாரித்தால் கேம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது லத்தி நிஜ லத்தி. முதலில் உள்ளங்கால். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள ஒருவன் அடித்தான். அவன்தான் இடது பக்கம் அடிக்கிறவன், கை பழகியிருந்தது. இந்த மாதம் முழுக்க எங்கே அடித்தால் என்ன சத்தம் வரும் என்று அவர்கள் படித்தது இதைத்தான். செல்வின் “யேசுவே, யேசுவே” என்று கத்தினான். பிறகு முட்டி. பிறகு அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஏறி நின்றார்கள். விலா முறிந்த சத்தம் திரையில் கேட்டதைவிடச் சின்னதாக இருந்தது. அதனால் முறியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை மிதித்தார்கள்.

“நான் கேமராதான் ஐயா மாட்டுனேன். என் பொண்டாட்டி புள்ள சத்தியமா.”

“கம்பிய எங்கலே போட்ட? கெணத்துலயா?”

அந்தக் கேள்வி வந்ததும் திரையிலிருந்து பதில் வந்தது. “அண்ணே, கெணத்துலன்னு சொல்லிருங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடலை மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். “குரல் தெரியுது அண்ணே. நாளைக்கும் வருவீயளான்னு கேட்டேம்லா, வந்துட்டீய. ஒத்துக்கிடுங்க அண்ணே. ஒத்துக்கிட்டா கொஞ்ச நேரத்துல லைட்ட அணைச்சிருவாவ. அது நல்லாருக்கும்.”

செல்வின் அந்தக் குரலைக் கேட்டு அழுதான். அடியை எல்லாம் தாங்கியவன் அதற்கு உடைந்துபோனான். “ஆமா ஐயா. கெணத்துல போட்டேன். நாந்தான்.”

செண்பகவல்லி தண்ணீர்ப் பாட்டிலோடு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே போனாள். தலையைத் தூக்கி வாயில் ஊற்றினாள். பல் போயிருந்ததால் பாதி ரத்தமாக வெளியே வந்தது. அவனுடைய கண் வீங்கி ஒரு கீற்றாகத்தான் திறந்தது. அந்தக் கீற்றுக்கு நேராக அவள் நெஞ்சு இருந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, இவர நீங்க நாளைக்கு மேஜிஸ்திரேட்டு முன்னால நிறுத்தணும். நிறுத்துனா நானும் வருவேன். அந்தப் பேரு எப்படி வந்துச்சு, கம்பி எப்படிக் கெணத்துக்குப் போச்சு, எல்லாத்தயும் சொல்லுவேன். வேலை போனாப் போவட்டும்.”

ஆவுடையப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்ததை அவள் கண்டாள். இவளை அடிக்க முடியாது. விலைக்கும் வாங்க முடியாது. நாளைக் காலையில் இவள் வாயைத் திறந்தால் தண்டனைப் பதவிகூட மிஞ்சாது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவனைக் காப்பாற்றிவிடலாம் என்று நிஜமாகவே நம்பினாள்.

அவர் செல்வினிடம் திரும்பினார். அவனுடைய வலது கையை இழுத்து நாற்காலிக் கையின் மேல் வைத்தார். ஒரு விரலைத் தனியாகப் பிரித்தார்.

“கடைசிக் கேள்விலே. இதச் சொல்லிட்டா முடிஞ்சுது. கூட யாரு?”

“யாரும் இல்ல ஐயா.”

லத்தியின் அடிக்கட்டை விரலின் மேல் இறங்கியது. செல்வின் கத்தினான். திரையில் சுடலையும் சேர்ந்து கத்தினான். அடுத்த விரல். இரண்டு அலறலில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

“பேரு சொல்லுலே. ஒரு பேரு.”

செல்வினுக்கு மனைவி பேர் தெரியும். தம்பி பேர் தெரியும். கடைக்கு வரும் அத்தனை பேருடைய பேரும் தெரியும். சொன்னால் அவர்கள் எல்லாம் இந்த அறைக்கு வருவார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். பல்லைக் கடிக்கப் பல் இல்லை. ஏற்கெனவே இந்த அறைக்குள் இருக்கும் யாரையாவது சொன்னால் புதிதாக ஒருவரும் வர வேண்டியதில்லையே என்று எங்கோ ஒரு மூலையில் கணக்குப் போட்டிருப்பானோ என்னவோ. அதற்கு அவனுக்கு அறிவு மிச்சம் இருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். மூன்றாவது விரலை அவர் பிரித்தபோது, அவனுடைய கண்ணின் கீற்றில் எஞ்சியிருந்த எழுத்துக்களை அவன் கூட்டி வாசித்தான்.

“செண்பகவல்லி.”

யாருக்கும் உடனே விளங்கவில்லை. அவளை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள், அப்படி ஒருத்தி யார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன்தான் முதலில் கண்டுகொண்டார். அவருடைய பார்வை அவள் நெஞ்சிலிருந்த பேர்ப் பட்டையில் போய் நின்றது. ஒவ்வொன்றாக எல்லோருடைய பார்வையும் அங்கே வந்து சேர்ந்தது.

“மன்னிச்சிருங்க மேடம்” என்றான் செல்வின்.

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தண்ணீர் கொடுத்தவளின் பேரைத் தவிர வேறு எந்தப் பேரை அவனால் அந்த நேரத்தில் சொல்ல முடியும்? சாட்சி சொல்ல இருந்தவள் கூட்டாளியாகிவிட்டாள் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. இனி மேஜிஸ்திரேட்டிடம் அவள் என்ன சொன்னாலும் அது குற்றவாளியின் பேச்சு.

ஆவுடையப்பன் செல்வினின் கையை விட்டார். லத்தியை அவனுடைய சட்டையிலேயே துடைத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு ஸ்டேஷன் அவருடைய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

“பேரு வந்துட்டும்மா” என்றார், பிரியமாகவே. “சும்மா வெசாரிப்போம். இல்லன்னா விட்டுருவோம்.”

கதவோரம் நின்றவன், யாரும் சொல்லாமலே தாழ்ப்பாளைப் போட்டான்.